பதிந்து வைக்காத நம்பர்

பரீதா லாத்தாவின் பழைய போன் வீங்கிவிட்டது. உள்ளே பேட்டரி உப்பி, பின்மூடி வாயைப் பிளந்துகொண்டு நின்றது. சமையலறை ரப்பர் பேண்டு இரண்டைப் போட்டு அதை இறுக்கி வைத்திருந்தார். மகள் யும்னா, "உம்மா, இது வெடிச்சா வீடே போயிடும்" என்று தினமும் கத்துவாள். "மணி அடிக்குதுல்ல, விடு லா" என்பார் இவர். கடைசியில் அரசாங்க ஆப் ஒன்று, இந்தப் போன் ரொம்பப் பழசு, இனி இதில் ஓடமாட்டேன் என்று கைவிரித்த பிறகுதான் இறங்கி வந்தார்.

போன் வாங்கியதெல்லாம் ஒரு கதையா என்று கேட்பீர்கள். அவரைப் பற்றித் தெரிந்தால் கேட்கமாட்டீர்கள்.

சிங்கப்பூரில், செங்காங்கில் எங்கள் புளோக்கில் எனக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறார்; லாத்தா என்றால் எங்கள் பேச்சில் அக்கா. ஐம்பத்தெட்டு வயது. பஸ் ஓட்டுநராக இருந்த கணவர் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. காலையில் ஒரு பாலர் பள்ளிச் சமையலறையில் வேலை. ஆனால் ஊருக்கு அவரைத் தெரிவது அதற்காக அல்ல. அவர் மையித்துக் குளிப்பாட்டுகிறவர். எங்கள் தமிழ் முஸ்லிம் வீடுகளில் ஒரு பெண் இறந்துவிட்டால் அவளைக் கடைசியாகக் குளிப்பாட்டி, கஃபன் துணி உடுத்தி அனுப்புகிற பொறுப்பு பெண்களுடையது. மகளோ மருமகளோ செய்யலாம். ஆனால் அந்த நேரத்தில் கைகால் நடுங்காமல் எத்தனை பேரால் முடியும்? அப்போதுதான் யாராவது, "பரீதா லாத்தாவைக் கூப்பிடுங்க" என்பார்கள். இருபத்து நாலு வருடமாக இப்படித்தான். இதற்குக் காசு வாங்கமாட்டார். டாக்சிக்குக்கூட வாங்கமாட்டார்.

நான் அவருக்குத் தண்ணீர் ஊற்றுகிறவள். பகலில் ஒரு தொடக்கப்பள்ளியில் கிளார்க். லாத்தா கூப்பிட்டால் லீவு போட்டுவிட்டு அவர் பின்னால் போவேன். எனக்கு இன்னும் பயம் போகவில்லை. பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டுதான் ஊற்றுவேன். "ருக்ஸானா, தரைக்கு ஊத்தாதே, மையித்துக்கு ஊத்து" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வார்.

குளிப்பாட்டும் அறையில் கண்டதை வெளியே வந்து சொல்லக்கூடாது. அது எங்கள் மார்க்கத்தின் கட்டளை. லாத்தா அதில் இரும்பு. இப்போது நான் ஒன்றைச் சொல்லப் போகிறேன். அது அந்த அறையில் கண்டதல்ல, உயிரோடு இருந்தவர் வாயால் கேட்டது. சொல்லாமல் இருந்தால் நடந்ததன் கனம் உங்களுக்குப் புரியாது.

கேலாங் ஈஸ்ட்டில் உம்மு சல்மா என்று லாத்தாவுக்கு ஒரு தோழி. பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. ஐந்து வருடத்துக்கு முன் அவருக்கு இடது மார்பை எடுத்துவிட்டார்கள். நோய் அடங்கியது மாதிரி இருந்து, போன வருடம் எலும்பில் தலை நீட்டியது. ஆபரேஷன் நடந்ததைப் பிள்ளைகளுக்குச் சொன்னாரே தவிர, அந்த இடத்தை மருமகளுக்கும் காட்டியதில்லை. உடம்புக்கு முடியாமல் போன பிறகும் கதவைத் தாழிட்டுக்கொண்டு தானே உடை மாற்றுவார். ஒரு வெள்ளிக்கிழமை நானும் லாத்தாவும் பார்க்கப் போயிருந்தபோது, அவர் லாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பரீதா, என்னை நீதான் குளிப்பாட்டணும். வேற யார் கண்ணும் என் மேல படக்கூடாது. எனக்கு வெட்கமா இருக்கு."

"வாயைக் கழுவு. ஏன் இப்ப இந்தப் பேச்சு?"

"சொல்லு."

"நான் வருவேன், இன்ஷா அல்லாஹ். நான் இல்லாம உன்னை யார் தொடப்போறா?"

உம்மு சல்மா என்னைப் பார்த்தார். "இவ?"

"இவ கண்ணை மூடிக்கிட்டுத்தான் ஊத்துவா" என்றார் லாத்தா. மூன்று பேரும் சிரித்துவிட்டோம்.

மறுநாள் சனிக்கிழமைதான் போன் வாங்கப் போனோம். லிட்டில் இந்தியாவில், சையது ஆல்வி சாலைப் பக்கம் ஒரு சின்னக் கடை. கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் அருண்ராஜ் என்று சட்டையில் பெயர் குத்திய ஒருவர் நின்றார். முப்பத்தைந்து வயதிருக்கும், தஞ்சாவூர்ப் பக்கத்துப் பேச்சு. லாத்தாவின் போனில் ரப்பர் பேண்டைப் பார்த்ததும் சிரிப்பை அடக்க ரொம்பச் சிரமப்பட்டார்.

"அம்மா, இவ்வளவு நாளா ஆண்ட்ராய்ட் வச்சிருக்கீங்க. அதே கம்பெனியில புதுசு வந்திருக்கு. பட்டனெல்லாம் பழைய எடத்துலயே இருக்கும். வீட்டுக்குப் போயி யாரையும் கேக்க வேணாம், நீங்களே பேசலாம்."

யும்னா விடவில்லை. "ஆண்ட்ராய்ட் வேணாம்மா. கீழ் வீட்டு ஆன்ட்டிக்கு என்ன ஆச்சு? ஃபேஸ்புக்ல மீன் ஆர்டர் பண்றேன்னு லிங்க்கை அமுக்கி, ஏதோ ஆப் உள்ள வந்து, பேங்க்ல இருந்ததெல்லாம் போச்சு. ஐஃபோன்ல அந்த மாதிரி கண்ட ஆப்பையும் ஈஸியா உள்ள விடாது. அதோட நானும் ஐஃபோன். ஏதாவது பிராப்ளம்னா நானே செட்டிங்ஸ்ல போய் சரி பண்ணித் தருவேன். ஆண்ட்ராய்ட்ல எனக்கு ஏபிசிகூடத் தெரியாது."

"இதுலயும் அதெல்லாம் லாக் பண்ணி வைக்கலாம் மேடம்."

"யார் லாக் பண்றது? நீங்க செங்காங் வருவீங்களா?"

தேர்தல் கூட்டம் மாதிரி இருந்தது. ஒருவர் கேமராவைச் சொல்ல, மற்றவர் பாதுகாப்பைச் சொல்ல, லாத்தா இரண்டு போனையும் இரண்டு கையில் வைத்து மீன் எடை பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"கூப்பிட்டா சத்தம் நல்லாக் கேக்குமா?"

அருண்ராஜ் தன் போனிலிருந்து கடைப் போன்கள் இரண்டுக்கும் அடித்துக் காட்டினார். இரண்டும் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தின. "போதும், போதும்" என்றார் லாத்தா.

அவர் கை ஆண்ட்ராய்ட் பக்கம்தான் போனது. அதை நான் பார்த்தேன். ஆனாலும் என்னிடம் திரும்பி, "நீ என்ன சொல்றே ருக்ஸானா?" என்று கேட்டார். நானும் ஐஃபோன்காரி. என் கட்சிக்கு ஓட்டுக் கேட்டால் கசக்குமா? "யும்னா சொல்றது சரி லாத்தா. வீட்ல ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி இருந்தா நல்லது" என்றேன். ஆண்ட்ராய்ட்டைக் கண்ணாடி மேல் வைத்துவிட்டார்.

எந்தப் போன் நல்ல போன் என்றுதான் அன்று நாங்கள் சண்டை போட்டோம். இரண்டும் நல்ல போன்தான். பழையதில் எது எங்கே இருக்கிறதென்று லாத்தாவுக்கு அத்துப்படி. புதியதில் எல்லாம் யும்னாவுக்கு அத்துப்படி. அவருடைய போனின் சாவி அன்று மகள் கைக்குப் போனது. இது எனக்கு அன்று உறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து யும்னா பழையதிலிருந்து புதியதற்கு எல்லாவற்றையும் மாற்றினாள். வாட்ஸ்அப் வந்தது, படங்கள் வந்தன. பெயர்ப் பட்டியலைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, நாற்பத்து மூணு பேர்தான் இருக்கு? உங்களுக்கு வர்ற காலுக்கு நானூறு இருக்கணுமே" என்றாள்.

"மௌத்து வீட்டு நம்பரைப் பதிஞ்சு வைக்கமாட்டேன்."

"ஏன்?"

"பதிஞ்சு வச்சா, அடுத்து எப்போ கூப்பிடுவாங்கன்னு காத்துக்கிட்டு இருக்கிற மாதிரி. ஒரு மௌத்துக்குக் கூப்பிட்ட நம்பர் அந்த மௌத்தோட போகட்டும்."

சாவு வீட்டு நம்பரைப் பதியாதது மார்க்கத்தில் உள்ளதல்ல; லாத்தா தானாக வைத்துக்கொண்ட வழக்கம். எனக்கு முன்பே தெரியும். யும்னா சிரித்துக்கொண்டே, "சூப்பர்ஸ்டிஷன்" என்றாள். அதற்குள் போன் அடித்தது. லாத்தா எடுத்தார். யாரோ ஒருவன் இங்கிலீஷில், தான் ஒரு அதிகாரி, உங்கள் பெயரில் வழக்கு இருக்கிறது என்று ஆரம்பித்தான். யும்னா பிடுங்கி வைத்தாள். ஐந்து நிமிடம் கழித்து இன்னொருவன். இந்த ஊரில் இது இப்போது கொசுத்தொல்லையைவிடப் பெரிய தொல்லை.

"இருங்க, இதுக்கு ஒரு வழி இருக்கு" என்று யும்னா செட்டிங்ஸில் போய் ஒரு விசையைத் தள்ளினாள். பட்டியலில் இல்லாத நம்பர் கூப்பிட்டால் போன் மணி அடிக்காது; பேசாமல் இருந்துவிட்டு, கூப்பிட்டது எந்த நம்பர் என்று உள்ளே எழுதி வைத்துக்கொள்ளும். அவ்வளவுதான் அந்த விசை. இந்தக் காலத்தில் எல்லாப் போனிலும் ஏதோ ஒரு உருவத்தில் இருக்கிற வசதி. என் போனிலும் போட்டிருக்கிறேன். போன்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. "உம்மா, இனிமே ஸ்கேம் காலே வராது" என்று மட்டும் சொல்லிக் கையில் கொடுத்தாள். லாத்தாவும், "நல்லதாப் போச்சு" என்றார்.

நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். சமோசா சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பதிந்து வைக்கமாட்டேன் என்று அவர் சொன்னதையும் கேட்டேன், பத்து நிமிடம் கழித்து இவள் சொன்னதையும் கேட்டேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற அறிவு எனக்கு இல்லாமல் போயிற்று. பள்ளிக்கூடத்தில் நாற்பது வகுப்பு வருகைப் பதிவைச் சேர்த்துப் பார்ப்பவள் நான். என்னை எதால் அடிப்பது?

பதினோரு நாள் போன் அடிக்கவில்லை. அடிக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. யும்னா கூப்பிட்டால் அடித்தது, நான் கூப்பிட்டால் அடித்தது, உம்மு சல்மா தன் போனிலிருந்து கூப்பிட்டாலும் அடித்தது. அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மௌத்து வீட்டிலிருந்து மட்டும் ஒருவரும் கூப்பிடவில்லை. "அல்ஹம்துலில்லாஹ், யாருக்கும் ஒண்ணுமில்லை. இந்த மாசம் நல்ல மாசம்" என்றார் லாத்தா. எனக்கும் சந்தோஷம்தான். லீவு மிச்சம்.

புதன்கிழமை அவருக்கு முட்டிவலிக்குப் பாலிகிளினிக்கில் நேரம் கொடுத்திருந்தார்கள். காலையில் போனவர் பதினொன்றரை மணி வரை உட்கார்ந்திருக்கிறார். மருந்துக்கு நம்பர் வாங்கிவிட்டு, பொழுது போகாமல் வாட்ஸ்அப்பைத் திறந்திருக்கிறார். எங்கள் ஜமாஅத் குழுவில் ஒரு ஜனாஸா அறிவிப்பு. கேலாங் ஈஸ்ட், உம்மு சல்மா, வயது ஐம்பத்தெட்டு, காலை எட்டு இருபதுக்கு வஃபாத். மதியம் ளுஹர் தொழுகைக்குப் பின் சுவா சூ காங்கில் நல்லடக்கம்.

தோழி இறந்ததை ஊரோடு ஊராகப் படித்துத் தெரிந்துகொண்டார். எனக்கு அவர் அடித்தபோது மணி பதினொன்று முப்பத்தெட்டு.

"ருக்ஸானா, உம்மு சல்மா போயிட்டா. எனக்கு ஏன் யாரும் சொல்லலை?"

நான் ஆபீஸில் சொல்லிவிட்டு ஓடினேன். டாக்சியில் அவரைக் கிளினிக் வாசலில் ஏற்றிக்கொண்டேன். மருந்து வாங்கவில்லை, கையில் அந்த நம்பர்ச் சீட்டு அப்படியே இருந்தது. "எனக்கு ஏன் சொல்லலை, எனக்கு ஏன் சொல்லலை" என்று அதையே சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கு அப்போதுதான் அந்த விசை ஞாபகம் வந்தது. "போனைக் கொடுங்க லாத்தா" என்று வாங்கி, வந்த அழைப்புகள் இருக்கிற இடத்தைத் திறந்தேன்.

ஒரே நம்பரிலிருந்து ஆறு தடவை. ஆறு ஐம்பதுக்கு ஒன்று, ஏழு ஐந்துக்கு ஒன்று, எட்டரைக்கு மேல் நான்கு. அதற்குக் கீழே, போன வாரத்தில், வேறு இரண்டு வீடுகள்; தலா மூன்று நான்கு தடவை. நல்ல மாசம் என்று நாங்கள் சந்தோஷப்பட்ட மாசம் அது.

"இது ரஃபீக் நம்பர் மாதிரி இருக்கே" என்றார் லாத்தா. ரஃபீக், உம்மு சல்மாவின் மகன். இரண்டு வருடத்துக்கு முன் அவன் மாமியார் இறந்தபோது இதே நம்பரிலிருந்துதான் கூப்பிட்டான். அதனால் லாத்தா பதிந்து வைக்கவில்லை. நான் விஷயத்தைச் சொன்னேன். விசை, பட்டியல், மணி அடிக்காதது, எல்லாம். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பாயா லேபாரில் சிவப்பு விளக்கில் வண்டி நின்றபோது, "அண்ணே, கொஞ்சம் வேகமாப் போங்க" என்று சீன டிரைவரிடம் தமிழில் சொன்னார்.

நாங்கள் உள்ளே நுழைந்தபோது குளியலறை வாசலில் இரண்டு மலாய்ப் பெண்கள் கையுறைகளைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். இறுதிச் சடங்கு சேவை ஒன்றிலிருந்து வந்தவர்கள். ஒருவருக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. "சுடா சியாப், காக்" என்றாள் மெதுவாக, எல்லாம் முடிந்துவிட்டது அக்கா என்று. அவர்கள் வேலையில் ஒரு குறையில்லை. கஃபன் துணி ஒரு சுருக்கமில்லாமல் கட்டியிருந்தது. முகம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. அவர்கள் நல்ல பெண்கள். பார்த்ததை ஒரு நாளும் யாரிடமும் சொல்லமாட்டார்கள். ஆனால் பார்த்தார்கள். எந்தக் கண் படக்கூடாது என்று அந்தப் பெண் ஐந்து வருடம் கதவைத் தாழிட்டாரோ, அந்தக் கதவு திறந்துவிட்டது. எனக்குத் தாங்கவில்லை. நான் சத்தம் போட்டு அழுதேன். மையித்து வீட்டில் அப்படி அழக்கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர், அன்று என்னைத் தாண்டிப் போனார்.

லாத்தா தோழியின் நெற்றியில் முத்தமிட்டார். கண்ணீர் துணியில் படாமல் இருக்க முகத்தைச் சட்டென்று எடுத்துக்கொண்டார்.

ரஃபீக் வந்தான். தாயின் தோழி என்பதால் அவரைச் சாச்சி, அதாவது சின்னம்மா, என்றுதான் கூப்பிடுவான்.

"போன்ல மணி அடிக்கல தம்பி" என்றார் லாத்தா. "புதுப் போன்."

"பரவாயில்ல சாச்சி."

"உம்மா போன்லேருந்து அடிச்சிருக்கலாமே."

"அது சார்ஜ் இல்லாமக் கிடந்துச்சு சாச்சி. எங்க இருந்துச்சுன்னே தெரியல." அவன் தரையைப் பார்த்தான். "மொத ரெண்டு தடவை உம்மாதான் அடிக்கச் சொன்னாங்க. மூச்சு வாங்குது, பேச முடியல. 'பரீதாவை இப்பவே வரச் சொல்லு, பக்கத்துல இருக்கட்டும்'னாங்க. நீங்க எடுக்கலைன்னதும், 'தொழுதுக்கிட்டு இருப்பா, இன்னொரு தடவை அடி, எடுப்பா'ன்னாங்க. அடிச்சேன். அப்புறம் ஒண்ணும் கேக்கல. கதவையே பாத்துக்கிட்டு இருந்தாங்க."

லாத்தா தலையை ஆட்டினார். கேட்டுக்கொண்டேன் என்பது போல. ஜனாஸாவைத் தூக்கும்போது எல்லாரும் எழுந்து நின்றோம். அவரால் முட்டியை ஊன்றி எழ முடியவில்லை; நானும் அந்த மலாய்ப் பெண்ணும் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கினோம்.

யும்னாவுக்கு மாலையில் தெரிந்தது. வேலி போட்டவளே பயிரை மேய்ந்துவிட்டதுபோல் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அந்த விசையை உடனே மாற்றினாள். மறுநாளே போய் அதே பழைய கம்பெனி ஆண்ட்ராய்ட் ஒன்றை வாங்கிவந்து தாயின் முன்னால் வைத்தாள். லாத்தா அதைத் திறக்கக்கூட இல்லை. "போனை மாத்தி என்ன செய்ய? ஆறு அம்பதை மாத்த முடியுமா?" என்றார். யும்னாவைப் பார்த்து அவர் சொன்ன கடுஞ்சொல் அது ஒன்றுதான். அதற்கப்புறம் அவளைத் தேற்றியதும் அவர்தான். கூப்பிட்டு ஏமாந்த மற்ற இரண்டு வீட்டுக்கும் நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். ஒரு வீட்டில் டீ கொடுத்தார்கள். இன்னொரு வீட்டில் வாசலிலேயே பேசி அனுப்பிவிட்டார்கள்.

ஆனால் ஊர் வாய் நம் பின்னாலா நடக்கும்? முன்னால் ஓடிவிட்டது. அவரை அறிந்தவர்கள் ஒருவர் சொல்லி ஒருவர்தானே வந்தார்கள். அதே வழியில் இதுவும் போயிற்று. தேக்கா ஈரச்சந்தையில் ஒரு பெண் என்னை நிறுத்தி, "பரீதா லாத்தா இப்பல்லாம் போன் எடுக்கிறதில்லையாமே? ஐஃபோன் வாங்கினதும் பெரிய ஆளாயிட்டாங்களோ?" என்று கேட்டாள். கையில் இருந்த முருங்கைக்காயால் அவள் வாயில் ஒன்று வைக்கலாம் போலிருந்தது. இல்லை, அது அப்படியில்லை என்று நின்று விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டே வெண்டைக்காய் பொறுக்கினாள்.

போன வாரம் மத்தியானம் லாத்தா வீட்டில் உட்கார்ந்திருந்தேன். போன் முதல் மணி அடித்து முடிப்பதற்குள், மாவுக் கையோடு ஓடிவந்து எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். இப்போது எந்த நம்பரானாலும் எடுக்கிறார். மறுமுனையில் ஒருவன் இங்கிலீஷில், உங்கள் பெயரில் ஒரு பார்சல் பிடிபட்டிருக்கிறது என்று படித்துக்கொண்டு போனான். வெட்டிவிடுங்கள் என்று சைகை காட்டினேன். அவர் வெட்டவில்லை. யாரோ ஒருவர் அழுகையை அடக்கிக்கொண்டு சுற்றி வளைத்துப் பேசுகிறார் என்று நினைத்தவர்போல் கடைசி வரை கேட்டார்.

பிறகு தமிழிலேயே சொன்னார்: "தம்பி, பேசி முடிச்சுட்டீங்கன்னா லைனை விடுங்க. மௌத்து வீட்லேருந்து யாராவது கூப்பிடுவாங்க."

அவன் வைத்துவிட்டான். உம்மு சல்மா போய் மூன்று மாதமாகிறது. இன்னும் ஒரு வீட்டிலிருந்தும் கூப்பிடவில்லை.